கதவ சாத்துடா

இந்த உலகத்தில் ட்ரீம் பாப் என்ற கனவு மயக்க இசைக்குக் கித்தார் வாசிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. மூன்றாமவர் யார் என்று கேட்டால் மூடுபனி அடக்கமாகத் தலை குனிவான். கேட்காவிட்டாலும் குனிவான்.

மூடுபனி என்பது தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். அக்கா அதைப் ‘பனி’ என்று சுருக்கினாள். அவள் கணவர் இன்னும் சுருக்கி ‘சளி’ என்றார்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். வேலை முடிந்து வந்தால் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவாள். எதிரொலி விழாத இடம் வீட்டில் அது ஒன்றுதான். என்ன பாடுகிறார்கள் என்று யாருக்கும் பிடிபடக் கூடாது என்பது ட்ரீம் பாப்பின் இலக்கணம். அந்த வகையில் அவள் ஆல்பம் மகத்தான வெற்றி. மூடுபனி ஏழு மாதம் உட்கார்ந்து, பாட்டுக்கு நாற்பது அடுக்குக் கித்தாரை அவள் குரல்மேல் போர்த்தியிருந்தான்.

அந்தப் பாட்டுகளை எட்டு நாட்டு எலெக்ட்ரானிக் கலைஞர்களிடம் கொடுத்து ரீமிக்ஸ் ஆல்பம் போடுகிறோம் என்று ஒரு சின்ன இசைக் கம்பெனி முன்வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் எட்டும் வந்தால் இசைத்தட்டு. ஒன்று குறைந்தாலும் வெறும் இணையம்தான்.

“தட்டாத்தான் வேணும்டா,” என்றாள் அக்கா. “கையில புடிச்சுப் பாக்கணும். நானும் பாடுனேன்னு ஒரு அத்தாட்சி வேணாமா?”

“ரீமிக்ஸுன்னா என்ன தெரியுமா மாமா? அடுத்தவன் தச்ச சட்டையில கைய வெட்டிட்டு, என் பனியனப் பாருன்னு காட்டுறது,” என்றான் மூடுபனி.

மாமா சலவைக் கடைக்காரர். இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நாப்பது சட்டைய ஒண்ணுமேல ஒண்ணு போட்டுட்டு வந்தா, வெட்டத்தான்டா செய்வான்.”

வெள்ளி காலைக்குள் ஏழு வந்துவிட்டன. சலவைக் கடையிலேயே மூவரும் கேட்டார்கள். முதல் ரீமிக்ஸில் கித்தார் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அதற்குப் பதில், ஒரு அதட்டல் இருந்தது.

பதிவின்போது மூடுபனி கித்தாரோடு அறைக்குள் நுழைய, அலமாரிக்குள்ளிருந்து அக்கா கத்தியது: “டேய், கதவ சாத்துடா!” வெட்டி எடுக்க மறந்துபோயிருந்தது. மொத்த ஆல்பத்திலும் தெளிவாகக் கேட்ட ஒரே வரி அதுதான். மொழி தெரியாத ஏழு பேரும் அதையே பல்லவி என்று முடிவுகட்டியிருந்தார்கள். ஒருவர் ‘சாத்து சாத்து சாத்து’ என்று நறுக்கித் தாளமாக்கினார். ஒருவர் அதைக் கப்பல் சங்குபோல நாலு நிமிடம் இழுத்தார். இன்னொருவர், பிரிவின் வலி சொல்லும் அந்த வரிக்காக மூன்று நாள் அழுததாகக் கடிதமே எழுதியிருந்தார்.

மாமா சிரித்த சிரிப்பில் ஒரு காலர் கருகியது.

ஒரு மணிக்கு எட்டாமவரின் செய்தி வந்தது. “நாற்பது அடுக்கையும் திறந்ததும் என் கணினி நின்றுவிட்டது. மன்னிக்கவும், என்னால் முடியாது.”

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அவள் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது மூடுபனிக்கு.

“சரி விடு,” என்றாள். “நெட்லயே வரட்டும்.” பையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டாள்.

எட்டாவதைத் தானே போட்டுவிடலாம் என்று மூடுபனி வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தான். கித்தாருக்கு அடியில் ஒரு தாளத்தைச் செருகிப் பார்த்தான். மெத்தைக்கு அடியில் மாட்டிய அலாரம்போல முனகியது. ஒரு அடுக்கை அணைத்தான். பரவாயில்லை. இன்னொன்றை அணைத்தான். இன்னும் பரவாயில்லை. இப்படி ஏழு மாத உழைப்பு இருபது நிமிடத்தில் காலி. நாற்பதாவதையும் அணைத்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: அக்கா நன்றாகப் பாடுவாள்.

மூன்றரைக்கு, மடித்த துணிகளோடு மாமா எட்டிப் பார்த்தார். ஒலிபெருக்கியில் அக்கா சாத்து சாத்து என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

“கித்தார் எங்கடா?”

மூடுபனி திரும்பவில்லை. “கதவ சாத்துங்க மாமா. சத்தம் வருது.”

கதவு சாத்தப்பட்டது. அவன் ‘சாத்து’வை இன்னும் ஒரு மயிரிழை நறுக்கி, தாளத்தில் சரியாக உட்காரவைத்தான். கம்பெனிப் படிவத்தில் கலைஞர் பெயர் கேட்ட கட்டத்தில் ‘சளி’ என்று அடித்து, நாலுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் அனுப்பினான்.