காற்று இறங்கும்வரை

சுந்தரி கொல்லையில் கிடந்த மாவிலை ஒன்றை எடுத்துக் கைக்குள் வைத்து மூடினாள். திறந்தபோது அது அப்பளமாக நொறுங்கியிருந்தது. மேல்காற்று அந்தப் பொடியையும் கிழக்கே மலைப்பக்கம் அள்ளிக்கொண்டு போனது. கையைத் தட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் கன்னையா படுத்திருந்தார். நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். குவைத்தில் டிரைவராக இருக்கும் மகன் சாய்குமார் விமானம் பிடித்து இன்று மதியம்தான் வந்து சேர்ந்தான். அவன் வந்ததும் எடுத்துவிடலாம் என்று கொழுந்தன் திருவேங்கடம் பாடை கட்டி, மேளத்துக்குச் சொல்லி, ஒரு கட்டுப் பட்டாசும் வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பது அவர் கவலை.

சுந்தரி பட்டாசுக் கட்டைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். காற்று இறங்குகிற வரைக்கும் எடுக்கக்கூடாது என்றாள்.

துக்கத்தில் உளறுகிறாள் என்று பெண்கள் அவளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். அவள் உளறவில்லை. கன்னையா இருபது கோடைகள் பாரஸ்டுக்காரர்களிடம் தீக்காவல் பார்த்தவர். மழை நின்று மூன்று மாதம் தாண்டி, புல்லும் காய்ந்து, மேல்காற்றும் சேர்ந்துகொண்டால் ஒரு பொறி போதும், பொழுது சாய்வதற்குள் மலை உச்சிக்கு ஏறிவிடும் என்பார். சுடுகாடு மலையடிவாரத்தில் இருந்தது. அதற்கும் மலைக்கும் நடுவே இடுப்பளவுப் புல்.

இதைச் சொல்லித்தான் போன பங்குனியில், மாந்தோப்பு நாகபூஷணத்தின் அம்மாவை அடுக்கின விறகின் மேலேயே நாலு மணி நேரம் காக்கவைத்தார். கொள்ளியைப் பிடுங்கி மண்ணில் குத்தி அணைத்துவிட்டு, காற்று இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஊரே காறித் துப்பியது. நாகபூஷணம் அன்றோடு பேச்சை விட்டார். இன்றைக்கு வந்து பந்தல் ஓரத்தில் கைகட்டி நிற்கிறார். கன்னையா வீட்டுக்கு மட்டும் வேறு நியாயமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சுந்தரிக்குத் தெரியும்.

சாய்குமார் அவள் முன்னால் வந்து குந்தினான். தூக்கமில்லாமல் அவன் கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“ஆறு வருசமா நைனாவுக்கு ஒண்ணும் செய்யலம்மா. நல்ல நேரத்துல கொள்ளியாவது வைக்கிறேன்.”

பிள்ளையைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அசைந்து கொடுக்கவில்லை.

“இன்னொருத்தர் அம்மாவ காக்க வச்சவருடா உங்க நைனா. அவருக்கே நாம இந்தக் காத்துல தீ வச்சிட்டா, நாளிக்கு இந்த ஊர்ல யாரு காத்துக்கினு இருப்பாங்க?”

திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டு, உடம்பைப் பாடையில் ஏற்றச் சொன்னார். நான்கு பேர் வந்து பெட்டியருகே குனிந்தார்கள். அப்போது நாகபூஷணம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்தார்.

“எங்கம்மா காத்துக்கினு இர்ந்தா. இவரும் இர்க்கட்டும்.”

சொல்லிவிட்டுப் பெட்டியின் தலைமாட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். வஞ்சம் வைத்துச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று சுந்தரிக்கு விளங்கவில்லை. எதுவானாலும் அவளுக்கு அது போதும். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவன் பீடியை எடுத்து வாயில் வைத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

நாலரை ஆனது. ராகு காலமும் பிறந்தது. பந்தல் துணி படபடத்துக்கொண்டே இருந்தது. ஐந்தேகாலுக்கு அது அடங்கித் தொங்கியது. நாகபூஷணம் அண்ணாந்து துணியைப் பார்த்தார், பிறகு சுந்தரியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

ராகு காலத்திலேயே எடுத்தார்கள். நாகபூஷணம் ஒரு கோணிச்சாக்கைத் தொட்டியில் நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தார்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பித் தலைமுழுகினார்கள். சுந்தரி ஈரப் புடவையோடு கொல்லையில் நின்று கிழக்கே பார்த்தாள். மதியமாக இருந்தால் அந்தப் புடவை நிற்க நிற்கக் காய்ந்திருக்கும். இப்போது முந்தானையிலிருந்து காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது. சுடுகாட்டுப் பக்கம் புகை எழுந்தது. அது மலைப்பக்கம் சாயாமல் நேராக மேலே போனது.