கையை எடுக்காமல்

ரெனிஷாவுக்கு அன்று லீவு. ஆம்புலன்சில் முதலுதவி செய்யும் வேலையில் ஆறு வருடமாக இருக்கிறாள். அடுக்களைக் குழாய் உடைந்து இரண்டு நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. புதுக்குழாய் வாங்க, காலை பதினொரு மணிக்குக் கொட்டாரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

வாசலில் மினி லாரியிலிருந்து கண்ணாடிப் பலகைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மேலே நின்று எடுத்துக் கொடுத்தவர் டிரைவர் ரத்தினம். கீழே நின்று வாங்கியவர் ஆன்ஸ்லின், நாற்பது வயதிருக்கும். ரெனிஷா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஒரு பலகை அவர் கையிலேயே இரண்டாகப் பிளந்தது. கீழ்ப்பாதி தொடையின் உட்பக்கத்தை அறுத்துக்கொண்டு தரையில் விழுந்து நொறுங்கியது. ஆன்ஸ்லின் உடனே விழவில்லை. கைலி நனைவதைக் குனிந்து பார்த்தார். பிறகுதான் முட்டி மடங்கிச் சரிந்தார்.

ரத்தம் துடித்துத் துடித்துப் பீறிட்டது. அது எந்த ரத்தக்குழாயிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். மூன்று நான்கு நிமிடம், அதற்கு மேல் ஆள் தாங்காது.

கையுறை இல்லை, பஞ்சு இல்லை. கயிறு போட்டு இறுக்கவும் வழியில்லை. வெட்டு தொடையின் உச்சியில், இடுப்பு மடிப்பை ஒட்டி இருந்தது. சுடிதார் ஷாலைச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்து, அதன்மேல் முஷ்டியை வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள்.

ஆன்ஸ்லின் அலறினார். கூட்டத்தில் ஒருவர், இப்படி அமுக்கினால் வலியிலேயே செத்துப்போவான் என்று சொல்லி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். கை கொஞ்சம் விலகியதும் ரத்தம் அவள் முகத்தில் அடித்தது. இழுத்தவர் தானாகவே பின்னால் போய்விட்டார்.

கடைக்காரர் போன் போட்டு அவள் காதில் வைத்தார். பக்கத்து ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. அடுத்தது வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். இதையே அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணே, வண்டிய எடுங்க," என்றாள் ரத்தினத்திடம். "நான் கைய எடுக்க மாட்டேன். ரெண்டு பேரையும் சேத்துத் தூக்கி ஏத்துங்க."

நான்கு பேர் ஆன்ஸ்லினைத் தூக்க, அவள் காயத்தை அமுக்கியபடியே முட்டிபோட்டு ஏறினாள். மீதிக் கண்ணாடிகளுக்கு நடுவே அவரைக் கிடத்தினார்கள். லாரி நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாய்ந்தது.

சுசீந்திரத்தில் இரண்டு பக்கமும் பஸ் நின்றது. ரத்தினம் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, எதிரே வந்த ஒவ்வொருவரிடமும் வழி விடச் சொல்லிக் கெஞ்சினார். ரெனிஷாவின் கை மரத்துப்போயிருந்தது. தான் அமுக்குகிறோமா இல்லையா என்பதே தெரியவில்லை. தன் மணிக்கட்டின்மேல் முட்டியை வைத்து அழுத்தினாள்.

"பிள்ளே, நான் செத்துருவனா?" என்று கேட்டார் ஆன்ஸ்லின். உதடு வெளுத்திருந்தது.

வேலையில் இருந்தால், ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருப்பாள். இப்போது அது வாயில் வரவில்லை.

"தெரியல்ல அண்ணே. நான் கைய எடுக்க மாட்டேன். நீங்க கண்ண மூடாண்டாம்."

அவர் தன் மனைவி செசிலியைப் பற்றிச் சொன்னார். அண்டியாபீசில் முந்திரி உடைக்கும் வேலை, சாயங்காலம்தான் போனைக் கையில் எடுப்பாள், பிரஷர் உண்டு, மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றார். சுசீந்திரம் பாலம் தாண்டியதும் பேச்சு நின்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டாள், கன்னத்தில் தட்டினாள். பதில் இல்லை. கர்த்தாவே என்று தொடங்கினாள். அதை முடிக்காமல் கையை இன்னும் அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை எடுக்கச் சொன்னபோது விரல்கள் விரியவில்லை. ஒரு நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். நாடி இருக்கிறது என்று யாரோ சொல்வது கேட்டது. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் அவள் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அறுந்த ரத்தக்குழாயைத் தைத்தார்கள். ஆனாலும் பாதத்துக்கு ரத்தம் இறங்கவில்லை. மூன்றாம் நாள் முட்டிக்கு மேலே காலை எடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் டியூட்டி முடிந்து அவள் பார்க்கப் போனாள். வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணை ரத்தினம் காட்டினார். அமுக்கியவள் இவள்தான் என்று அவர் சொன்னதும், செசிலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ அமுக்குனதுனாலயா காலு போச்சு?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். இரண்டு நாளாக ரெனிஷாவும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான்.

"அறுந்தப்பவே காலுக்குப் போற ரெத்தம் நின்னிருக்கும் அக்கா. நான் அமுக்குனதும் ஒரு காரணமா இருக்கலாம். கைய எடுத்திருந்தா ஆளு இருந்திருக்க மாட்டாரு."

செசிலி, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், பாரம் தூக்குவதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது என்று சொல்லி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். ரெனிஷா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து செசிலி முகத்தைத் துடைத்தாள்.

"முழிச்சுதான் கெடக்காரு. உன்னப் பாக்கணும்னு நேத்திலேருந்து கேக்காரு. வா."

செசிலி சுவரைப் பிடித்து எழுந்து, அவளுக்கு முன்னால் நடந்தாள்.