காவேரி கையில் எழுந்த தடிப்பு

ஓரகத்தியின் நகையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்களை உங்களுக்குத் தெரியும், கண்ணுகளா. காசியம்மாள் பொறாமைப்பட்டது ஒரு கட்டியைப் பார்த்து. கொழுந்தன் பெண்டாட்டி காவேரியின் கையில் எழுந்த கட்டி அது.

அப்போது முப்பத்தெட்டாம் வருஷம். கடத்தூர்ப் பக்கத்தில் ஒரே வாசலை ஒட்டி அண்ணன் தம்பி இருவர் வீடும் இருந்தன. மூத்தவன் பெயர் பெரியண்ணன், அவன் மனைவி காசியம்மாள். அவள் தொடையில் வெளிறிய தேமல் ஒன்று வந்து, கிள்ளினாலும் உறைக்காமல் போயிற்று. மாமியார் தீர்த்தம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பெருநோய், அதுதான் குஷ்டம், என்று சொல்லி மருமகளைக் காட்டோரக் கொட்டாயில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு வயதுப் பிள்ளை தீர்த்தகிரியைத் தூக்கிக் காவேரியிடம் கொடுத்தாள். காவேரிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை.

சேலத்திலிருந்து தோல் நோயை ஆராய ஒரு டாக்டர் கடத்தூர்ச் சந்தைக்கு மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்தார். நஞ்சப்பன் என்று பெயர். காசியம்மாளின் தோலைக் கீறிக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்தார். கிருமி தென்படவில்லை. அப்புறம் வீட்டில் இருந்த எல்லோர் கையிலும் ஒரு பொட்டு மருந்தை ஊசியால் ஏற்றினார்.

"இது செத்த கிருமிம்மா, ஒண்ணும் செய்யாது," என்றார். "ராகிக் காட்டுல பன்னி பூந்தா ஊரே தப்பட்டை எடுத்துக்கிட்டு ஓடி வருதில்ல? அந்த மாதிரி ரத்தத்துல காவலாளுங்க இருக்காங்க, கண்ணுக்குத் தெரியாத பொடி உருண்டைங்க. கிருமியக் கண்டா அந்த எடத்துல கூடுவாங்க. கூடினா தோல் தடிக்கும். ஒருத்தருக்குக் கூடுறாங்க, ஒருத்தருக்குக் கூடறதில்ல. அது ஏன்னுதான் நான் ஊர் ஊராத் தேடிக்கிட்டிருக்கேன். நாலு வாரம் அந்த எடத்துல யாரும் எதையும் பூசாதீங்க."

காசியம்மாள் கேட்டது ஒன்றுதான். "எனக்குத் தடிச்சா புள்ளையத் தூக்கலாங்களா?"

"தூக்கலாம். காவலாளுங்க கூடினா நோய் அடுத்தவங்களுக்குத் தொத்தாது. ஒங்க அத்தைகிட்ட நானே சொல்றேன்."

மூன்றாவது வாரம் காவேரிக்குத் தடித்தது, அவரைக்கொட்டை அளவுக்கு. காசியம்மாளின் கை வழவழவென்று அப்படியே இருந்தது. சோறு கொண்டுவந்த காவேரி, இடுப்பில் பிள்ளையோடு வரப்பிலேயே நின்றாள்.

"எழும்புச்சாக்கா?"

"எனக்கு எங்க எழும்பும்? ஒனக்குத்தான் ஊரே கூடி வருதே. கட்டியும் ஒனக்கு, புள்ளையும் ஒனக்கு. எம் புருசன் ஒருத்தருதான் பாக்கி, அவரையும் கூட்டிக்கிட்டுப் போ."

"அவரு கொறட்டை செவுரு தாண்டி எங்க வூட்டுக்குக் கேக்குது. நீயே வெச்சுக்கக்கா."

காசியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அந்நேரம் பார்த்துப் பிள்ளை காவேரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே முகத்தைப் புதைத்தான். வந்த சிரிப்பை அவள் விழுங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. தன் ரத்தத்தில் இருக்கிற காவலாட்கள்கூடக் காவேரி பக்கம் போய்விட்டார்கள் என்று தோன்றியது. சந்தைக்கு மூன்று நாள் இருக்கும்போது, துணியில் குறி போட வண்ணார் வைத்திருக்கும் சேங்கொட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். சுட்டு, ஊசியால் குத்தி, கசிந்த பாலை ஊசி போட்ட இடத்தில் வைத்தாள். கை எரிந்தது. எரிய எரிய அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், தாயிகளா. பிள்ளை அழுவது கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு, போய்த் தூக்க முடியாமல் கிடந்தவள் அவள்.

சந்தையன்று டாக்டர் காவேரியின் தடிப்பை அளந்தார். காசியம்மாளின் கையைப் பிடித்ததும் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் கறுத்து, நடுவில் நீர் கோத்த கொப்புளம்.

"சேங்கொட்டையா?"

"இல்லீங்க. தானா வந்துச்சுங்க."

"ஏம்மா, இருவது வருஷமா நான் பாக்கறது தோலு மட்டுந்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சுட்டா யாருக்கும் கொப்பளிக்கும். காவலாளுங்க அவங்களா வரணும்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "சில பேருக்கு நாலாவது வாரந்தான் எழும்பும். ஒனக்கும் வந்திருக்கலாம். இதுக்கடியில தடிப்பு இருந்துச்சா இல்லையான்னு இனி யாராலயும் சொல்ல முடியாது."

இன்னொரு கையில் ஊசி போட்டார். இன்னும் நாலு வாரம்.

காசியம்மாள் அந்தக் கையைத் தண்ணீரில்கூட அதிகம் நனைக்கவில்லை. இருபத்தைந்தாம் நாள் கொள்ளு அளவில் ஒரு தடிப்பு எழுந்தது. சந்தையன்று டாக்டர் விரலால் தடவிப் பார்த்து, "வந்துட்டாங்க," என்றார். சொன்னபடி தீர்த்தம்மாளைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று சாயங்காலமே காசியம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆனால் அந்தக் கடைசி நாலு வாரத்தில்தான் பிள்ளைக்குப் பேச்சு திருந்தியிருந்தது. தாயின் மடியிலிருந்து எம்பி, வாசலில் நின்ற காவேரியிடம் இரண்டு கையையும் நீட்டி, "அம்மா" என்றான்.

காவேரி ஓரடி எடுத்து வைத்தாள். "குடுக்கா. தூங்க வெச்சுட்டுத் தரேன்."

"எனக்குத் தூங்க வெக்கத் தெரியும்."

"அவனுக்கு முதுவுல தட்டணும்க்கா. தட்டாட்டித் தூங்க மாட்டான்."

"பெத்தவளுக்கே சொல்லிக் குடுக்கறியா? போ, புள்ள."

காவேரி நின்றாள்.

"போன்னு சொன்னேன்."

காவேரி தன் வீட்டுக்குள் போய் ராகிக் கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். அழுகை காதில் விழாதபடி கல்லை வேகமாகச் சுற்றினாள். அவள் எதற்காக அப்படி அரைக்கிறாள் என்று காசியம்மாளுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்? பிள்ளை அழுது அழுது விக்கினான். அவன் முதுகில் தட்டினால் அடங்குவான் என்றும் அவளுக்குத் தெரிந்தது. காவேரி சொன்னாள் என்பதற்காகவே, நெடுநேரம் அவள் தட்டவில்லை.