நானாவின் கோலில் இருந்த முட்டை

ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், எங்கள் ஊர் அசுவாசோவின் அரண்மனை முற்றத்தில், பேச்சாளர் கோலின் உச்சியில் செதுக்கியிருந்த மரக்கை தன் பிடியில் இருந்த மரமுட்டையை நசுக்க ஆரம்பித்தது. ஆற்றில் பொன் தோண்ட வந்தவர்கள் ஜின் மதுப் பாட்டில்களைக் காணிக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானா டுவும் என்பவர் எங்கள் தலைவர். வெளியாரிடம் நேராக வாய் திறக்க மாட்டார், வழக்கமில்லை. அவர் முணுமுணுப்பதைப் பேச்சாளர் தாபிரி உரக்கச் சொல்வார். தாபிரியின் கையில் எந்தக் கோல் இருக்கிறதோ, அதன் சிற்பம்தான் அன்றைய நியாயம். அன்று அவர் எடுத்துவந்தது, இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும் என்று ஆளுகிறவனுக்கு நினைவூட்டும் அந்தக் கை. "ஆத்த எடுத்துக்கட்டும்" என்று நானா முணுமுணுத்தார். மரவிரல்கள் இறுகின, முட்டையில் விரிசல் ஓடியது, செம்மண் தண்ணீர் தாபிரியின் தோளில் சொட்டியது.

யாரும் கும்பிடவில்லை. இது தாபிரியின் வேலை என்று சந்தேகப்பட்டோம். தாபிரியின் கொக்கோத் தோப்பு ஆற்றங்கரையில்தானே இருக்கிறது. அவருக்கு அக்கா முறையாகும், வாழைக்காய் வறுத்து விற்கும் அஃபியா டுஃபியே நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"முட்டைக்குள்ள என்னடா வச்சு அடைச்சே? நாங்கல்லாம் காதுல பூ வச்சிருக்கோமா?"

"நீ குடிக்கிறியேக்கா, அது எந்த ஆத்துத் தண்ணி?"

"பேச்ச மாத்தாதே. பேசியே பொழைக்கிறவன்தானே நீ!"

ஊர்த் தட்டான் முட்டையைத் தட்டிப் பார்த்து, ஸ்பிரிங் இல்லை, குழாய் இல்லை, ஒரே கட்டை என்றான். அவன் மனைவி தாபிரியின் குலம் என்பதால் அவனையும் நம்பவில்லை. நானா ஆள்விட்டுக் கோலைப் பிடுங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டச் செய்தார். பொன் ஆட்களோடு பேச்சுவார்த்தை இரண்டு மழைக்காலம் இழுத்தது. அவர் சம்மதம் சொன்ன போதெல்லாம் பூட்டிய அறைக்குள் மரம் நெரிபடும் சத்தம் கேட்டது, கதவிடுக்கில் செந்நீர் வழிந்தது, ஒப்பந்தம் தள்ளிப்போனது. அதற்குள் ஆற்றின் மேற்பக்கத்து ஊர்களில் பொன் தோண்டும் இயந்திரங்கள் இறங்கிவிட்டன. ஆறும் அதே நிறமாகி, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அப்போதும் தாபிரியைத்தான் திட்டினோம்.

கடைசியில் நானா அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அவருடைய பித்தலாட்டத்தை அம்பலப்படுத்த, எந்தத் தலைவரும் தொடாத கோலைத் தானே முற்றத்துக்கு எடுத்துவந்தார். பொன் ஆட்களும் வந்திருந்தார்கள். நானா அவர்களைப் பாராமல் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"பாருங்க, ஆறு இவங்களுக்குத்தான்னு சொல்றேன். இப்ப என்ன ஆவுதுன்னு பாப்போம்."

மரவிரல்கள் இறுகின. கோலைப் பிடித்திருந்த நானாவின் விரல்களும் இறுகின. அரண்மனை ஆட்கள் இழுத்தும் பிரியவில்லை. நகம் வெளுத்தது, எலும்பு நெரியும் சத்தம் எங்களுக்கே கேட்டது. பாவமாகத்தான் இருந்தது. அவர் தாபிரியின் பக்கம் சாய்ந்து, "வேணாம்னு சொல்லுய்யா" என்று முனகினார்.

"என்னத்தான் நீக்கிட்டீங்களே, நானா. நீங்களே சொல்லுங்க."

தலைவர் வெளியாரிடம் வாய் திறந்ததை அசுவாசோ அன்றுதான் கேட்டது.

"ஆத்துல யாரும் எறங்கக் கூடாது! மெஷினத் தூக்கிட்டுப் போங்க!"

அவர் விரல்கள் விட்டன. மரக்கையும் தட்டாக விரிந்தது. விரிசல் விட்ட முட்டை உள்ளங்கையிலேயே நின்றது. ஜின் பாட்டில்கள் திரும்பிப் போயின. தாபிரி மறுபடி கோலைத் தோளில் சாய்த்து நடக்கிறார், முட்டை விழுவதில்லை. கோந்து என்கிறான் தட்டான். ஆளில்லாத நேரம் பார்த்து நானே விரலால் தள்ளினேன். உருண்டு போய்த் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது கூட்டம் கூடினால் யாரும் முட்டையைப் பார்ப்பதில்லை. நானாவின் விரல்களைத்தான் பார்க்கிறோம்.