மூடி போட்டதும் இறங்கிய வோல்ட்

பழுது பார்க்கும் அறையில் அவளைப் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் பிசகினாலும் மீட்டரை வெளியே விடமாட்டாள்.

அந்தப் பிற்பகல் அவள் மேஜைக்கு ஒரு டிஜிட்டல் வோல்ட்மீட்டர் வந்தது. இரண்டு செங்கலை அடுக்கிய அளவு, கரண்ட்டில் ஓடுவது. ஏசி மின்சாரத்தின் அளவு சில நேரம் இறங்குகிறதாம்.

மூடியைக் கழற்றினாள். டிசி அளவு சரியாக இருந்தது. அளவு பிசகாத ஏசியை ஊட்டும் கருவியில் 230 வைத்தாள். மீட்டர் 229.4 என்றது. உள்ளே இருந்த சின்னத் திருகை மயிரிழை திருப்பினாள். 230.0.

"முடிஞ்சுதா புள்ளி? கட்டி அனுப்பு. மீட்டர் கொண்டு வந்த ஆள் வாசல்ல நின்னு என் உயிரை வாங்குறான்" என்றார் சூப்பர்வைசர்.

மூடியைத் திருகிவிட்டுக் கை கழுவப் போனாள். ஊட்டும் கருவியின் ஒயர்களைப் பிடுங்க மறந்திருந்தாள். திரும்பி வந்தபோது மீட்டரில் 221. துண்டால் கை துடைப்பதற்குள் 187. எண்கள் ஓசையில்லாமல் படியிறங்கிக்கொண்டே போய், பூஜ்யத்தில் நின்றன.

ஊட்டும் கருவி இன்னும் 230-ஐத்தான் தந்துகொண்டிருந்தது.

மூடியைக் கழற்றினாள். மின்விசிறிக் காற்று பட்டதும் எண்கள் மெல்ல ஏறின. ஏசி உள்ளே நுழையும் வழியில் நகக்கண் அளவில் ஒரு கெப்பாசிட்டர். அதன்மேல் சூடான காற்றை ஊதினாள். மறுபடி பூஜ்யம். சூடேறினால் உள்ளே தொடர்பு விட்டுப்போகிறது. மூடி திறந்திருந்தால் சூடே ஏறாது. இந்த அறையில் எல்லாரும் திறந்து வைத்துத்தான் அளவு சரிபார்ப்பார்கள். மூடிய பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன மாதம் இதே மீட்டர் பழுதுக்கு வந்தபோது அந்தக் கெப்பாசிட்டரை மாட்டியவளே அவள்தான். போன வாரம் இதே மாதிரி இன்னொன்றைத் தன் தம்பியின் மீட்டரிலும் மாட்டிக் கொடுத்திருந்தாள்.

தம்பி எலக்ட்ரீஷியன். இன்று நூல் மில்லின் பேனல் அறையில் போல்ட்டுகளை முடுக்கும் வேலை. மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் கை வைப்பான்.

அவன் எண்ணை அழுத்தினாள். எடுத்தது மில்லின் காவலாளி.

"தம்பி உள்ளே போயிட்டாரும்மா. போனை இங்க வாங்கி வச்சுட்டோம்."

"அண்ணே, அவன் வச்சிருக்கிற மீட்டர் பொய் சொல்லும். ஜீரோன்னு காட்டும், லைன்ல கரண்ட் இருக்கும். எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க."

"அது பின்பக்கம்மா. நான் இந்த முட்டியை வச்சுக்கிட்டு நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள..."

"அப்ப மெயினை நிறுத்துங்க. தீப்பிடிச்சா அமுக்கச் சொல்லி கேட்டுல ஒரு சிவப்பு பட்டன் இருக்குமே."

"மொத்த மில்லும் நின்னுடும். என் வேலைக்கு உலை வைக்கப் பாக்குறீங்களா?"

"வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம்ண்ணே. தம்பி போனா நான் எங்க போய்த் தேடுவேன்?"

போனில் மில்லின் இரைச்சல் மட்டும் கேட்டது. சட்டென்று, கழுத்தை நெரித்தது போல, அது அடங்கியது. தூரத்தில் யார் யாரோ கத்தினார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார்.

ஒரு வழியாக மூச்சிரைப்பு கேட்டது.

"அக்கா, உனக்குப் பைத்தியமா? மேனேஜர் என்னை உரிச்சுத் தொங்கவிடப் போறாரு."

"எதையாவது தொட்டியா?"

"ஸ்பானரை நீட்டினேன், இருட்டாயிடுச்சு. மீட்டர் ஜீரோதான் காட்டிச்சு. காலையில ஓடுற லைன்ல வச்சும் பாத்தேன், சரியா காட்டிச்சே."

"காலையில அது சூடாகியிருக்காதுடா. நீ நிறுத்தினது அந்த லைனோட சுவிட்ச்தானா?"

"பேனல்ல எழுத்தெல்லாம் அழிஞ்சு கிடக்கு. மீட்டர் சொல்லுதேன்னுதான்..." அவன் குரல் இறங்கியது. "அக்கா, சுவத்துக்கு அந்தப் பக்கம் இதே லைன்ல ஒரு மோட்டார் இருக்கு. மெயின் போற வரைக்கும் அது சுத்திக்கிட்டுதான் இருந்துச்சாம். இப்பதான் ஒருத்தர் சொல்றாரு."

அவன் போனை வைத்தான்.

சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்தார். "தப்பிச்சான். அந்த மீட்டரை உடைச்சுப் போட்டுடு."

"சார், இதே கெப்பாசிட்டரைப் போட்டு வேற யாருக்கெல்லாம் குடுத்தோம்?"

அவர் முகம் மாறியது. "லிஃப்ட் ரிப்பேர்காரர். அப்புறம் அந்தத் தண்ணி பம்பு ஆளு."

லிஃப்ட்காரர் உடனே எடுத்தார். மீட்டர் வீட்டில் கிடக்கிறதாம்.

பம்பு ஆளின் எண்ணுக்கு மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.