படத்தின் இடது மூலை

மரியரட்ணம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் இருந்தான். டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் பறவை பார்க்கிறவர்களின் சங்கக் கூட்டத்துக்கு யார்தான் இப்படி உடுத்திக்கொண்டு போவார்கள்? ஆனால் அன்றைக்கு அவன் மனைவி மாக்கிரட் அந்தச் சபைக்கு வரப்போகிறாள், படத்திலாவது.

தையல் ஆலையில் அவனுக்கு மேற்பார்வையாளன் ஹென்னிங். சரியான பறவைப் பைத்தியம். பாலைவனத்தில் எங்கே தண்ணீர் தேங்கினாலும், வலசை வரும் பறவைகளைப் பார்க்கக் கமராவோடு போய்க் குந்திவிடுவான். மன்னார் வங்காலையையும் அவன் பாலைவனக் கணக்கில்தான் சேர்த்திருந்தான். எண்பத்துமூன்று தை மாதம் அங்கே எடுத்த ஸ்லைடுகளைப் போன கிழமை தன் வீட்டில் இவனுக்குக் காட்டினான். ஒன்றில் வெடித்த உவர்நிலம், நடுவே முழங்கால் தண்ணீர், கூட்டமாய் எழும்பும் பூநாரைகள். இடது மூலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. வெளிவேலைக்குப் போகிற பெண்கள் புருஷனின் பழஞ்சட்டையைத்தான் போடுவார்கள். நீலச் சட்டை, தோளில் பச்சை ஒட்டு. அந்த ஒட்டைத் தைத்தவனே மரியரட்ணம்தான். மாக்கிரட்தான் அது.

அவளைக் கூப்பிட மனுப் போட்டு இரண்டு வருசமாகிறது. மற்றத் தமிழருடையதைப் போல அதுவும் கொப்பன்ஹேகனில் தூங்கியது. ஓமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் இழுத்தடித்தார்கள். கூட்டத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வருவாராம். "இவள் என் மனைவி என்று அவருக்குச் சொல்லுங்கள்" என்று ஹென்னிங்கைக் கேட்டிருந்தான். ஹென்னிங்கும் தலையாட்டினான்.

"அக்காவைக் கண்ணாலை கண்டால் அந்த மனுசன் ஏதும் செய்வார் அண்ணை," என்றான் பக்கத்தில் இருந்த ஊர்ப்பொடியன் லோரன்ஸ்.

விளக்கை அணைத்தார்கள். துனீசியா, மொறோக்கோ எல்லாம் போய் வங்காலை வந்தது. திரை முழுக்கப் பூநாரைகள். இடது மூலை மட்டும் கறுப்பு. ஸ்லைடின் அந்த மூலையை ஹென்னிங் ஒட்டுநாடாவால் மறைத்திருந்தான்.

"அண்ணை, அக்கா எங்கை?"

பின்வரிசையிலிருந்து உறுப்பினர் கேட்டார்: "ஏன் எல்லாம் ஒரேயடியாக எழும்புகின்றன?"

"பருந்தாக இருக்கும்," என்றான் ஹென்னிங். அவன் முன்வரிசைப் பக்கமே பார்க்கவில்லை.

படுபாவி! இந்த நாட்டில் கண்டவர் எல்லாருக்கும் நன்றி சொல்லிச் சொல்லியே நாக்குத் தேய்ந்தவன் மரியரட்ணம். எழும்பினான்.

"பருந்து இல்லை. என் மனைவி," என்றான் தெரிந்த டெனிஷில்.

 பிறகு ஒரு பெண்குரல், மிக மரியாதையாக, "மறைக்கிறது, கொஞ்சம் இருக்கிறீர்களா?" என்றது.

அவன் திரைக்குக் கிட்டப் போனான். வெள்ளைச் சட்டை நெடுகப் பூநாரைகள் பறந்தன. அந்தக் கறுப்பு மூலையில் கையை வைத்தான். கை தெரியவில்லை.