பொழுது சாயுமுன்

கஞ்சமலை முகட்டில் மாலைக் கதிரவன் பொன்னை உருக்கி ஊற்றினாற்போல ஒளி பரப்ப, ஆட்டையாம்பட்டியைச் சூழ்ந்த செம்மண் நிலமெங்கும் கடலைச் செடி பிடுங்கிய ஈர மண்ணின் மணம் கமழ, தொலைவில் விசைத்தறிகளின் ஓசை ஓயா மழையென ஒலித்த அவ்வினிய வேளையில், அன்புடையீர், கயல்விழியின் முற்றத்தில் மட்டும் ஒரு சிறு போர் மூண்டிருந்தது.

ஊஞ்சலில் முதலில் ஆடுவது யாரென்று முட்டி மோதிய ஏழு அகவை இனியனும் ஐந்து அகவை யாழினியும் கன்னம் சிவக்க ஆளுக்கொரு மூலையில் முகந்திருப்பி அமர்ந்தனர். அவ்வில்லத்தில் ஒரு நெறி உண்டு: எத்துணைச் சினம் மூண்டாலும் பொழுது சாயுமுன் பேசிவிடல் வேண்டும், பேசாத வாயோடு எவரும் உண்ண அமர்தல் ஆகாது. கயல்விழியும் கணவன் அருணகிரியும் மணநாள் தொட்டுக் காத்துவந்த அந்நெறியை, குழைந்த களிமண்ணில் விரல் பதிப்பார்போல, மக்களின் இளநெஞ்சில் பதித்திருந்தனர். ஆதலின் அண்ணன் தங்கையின் சடையை மெல்ல இழுக்க, தங்கை சிரித்துவிட, போர் முடிந்தது.

முடிந்ததென்றே தாய் எண்ணினாள். யாழினியோ அவள் முந்தானையைப் பற்றி, வேலிக்கு அப்பால் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பாவாயியைச் சுட்டி, "ஏம்மா, பெரியம்மாகூட நீங்க எப்பப் பேசுவீங்க?" என்றாள்.

பாவாயி அருணகிரியின் அண்ணன் மனைவி. பொதுக்கிணற்று நீர்முறை குறித்துத் தைத்திங்களில் எழுந்த வாய்ச்சண்டையில், இனி உங்கள் வாசலை மிதியேன் எனக் கயல்விழி சொன்ன சொல், புரட்டாசி பிறந்தும் இரு வீட்டுக்கும் இடையே முள்ளாய்க் கிடந்தது.

பெரியவர்கள் செய்தி வேறு என்று சொல்ல வாயெடுத்தவள், அச்சொல் வெளிப்பட்டால் தான் ஊட்டிய நெறி அன்றே மகள் நெஞ்சில் பட்டுப்போகும் என உணர்ந்து விழுங்கினாள். பாவாயி முகங்கொடாது போனால் பிள்ளைகள் முன் எவ்வாறு நிற்பது என உள்ளம் பதைக்க, யாழினி விரல் பற்றி முன்னே இழுக்க, படலைத் திறந்து நடந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நா பேசுனது தப்புங்க."

பாவாயி நிமிரவில்லை. பிடுங்கிய செடியின் மண்ணை உதறினாள். உதிர்வதற்கு மண் இல்லாதபோதும் உதறினாள். பின்னர்ப் புறங்கையால் கண்ணைத் துடைத்து, "நா மட்டும் சும்மாவா இருந்தேன்? பேசலாமுன்னு படல் வரைக்கும் வந்து வந்து திரும்புனேன். உக்காரு சாமி" என்றாள்.

எட்டுத்திங்கள் அடைபட்ட பேச்சு மடை திறந்து பாய்ந்தது. பணி முடிந்து திரும்பிய அருணகிரியும் அவன் தமையனும், தம் மனைவியரின் சிரிப்பொலி ஒருங்கே எழக் கேட்டு, வீடு மாறி வந்தோமோ என வழியிலேயே மலைத்து நின்றனர். பச்சைக் கடலை உப்பிட்டு வெந்து ஆவி பறந்தது. அதில் மூன்று பருப்புள்ள காய் எவர்க்கென்று பிள்ளைகள் மீண்டும் பூசலிட, விலக்குவார் எவருமில்லை. அவர்களே தீர்த்துக்கொள்வர் என்பதை அனைவரும் அறிவர்.

இளமையில் நாம் ஊட்டும் நெறி ஒருநாள் சின்னஞ்சிறு கையாய் நீண்டு நம்மையே அழைக்கும். அழைத்த வழியே நடக்கும் நெஞ்சுரம் வாய்க்கப்பெற்றோரே, பெற்றோர்.